விழாத மதில், விழுந்து வணங்கிய மன்னர்

சியோலுக்கு அருகே ஒரு மலைக்கோட்டையைச் சுற்றி ஒரு நாள் நடை. தங்கள் வரலாற்றின் கசப்பான 47 நாட்களை கொரியர்கள் இங்கே காலால் அளக்கிறார்கள்.

தென் கொரியத் தலைநகர் சியோலின் 8ஆம் எண் சுரங்க ரயிலில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஏறுபவர்களைப் பார்த்தால் எவரெஸ்டுக்குப் புறப்பட்ட கூட்டமோ என்று தோன்றும். அறுபதைத் தாண்டிய ஆண்கள், பெண்கள். பளிச்சென்ற சிவப்பிலும் ஊதாவிலும் மழைக்கோட்டுகள், கணுக்கால் வரை ஏறும் பூட்ஸ்கள், மடக்கி நீட்டக்கூடிய அலுமினிய ஊன்றுகோல்கள், முகத்தை முழுக்க மறைக்கும் தொப்பிகள். முதுகுப் பையில் வெள்ளரிக்காய், கடல்பாசித் தாளில் சுருட்டிய சாதம், ஃபிளாஸ்கில் காபி. இத்தனை தடபுடலும் 500 மீட்டர்கூட இல்லாத ஒரு மலைக்காக. சான்சோங் என்ற நிலையத்தில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து, வளைந்து வளைந்து மேலேறும் சாலையில் போனால் நம்ஹான்சான்சோங் கோட்டைக்குள்ளேயே பஸ் இறக்கிவிடுகிறது.

கொரிய மொழியில் 'நாம்' என்றால் தெற்கு, 'சான்' என்றால் மலை, 'சோங்' என்றால் கோட்டை. நகர மையத்திலிருந்து தென்கிழக்கே சுமார் 25 கிலோமீட்டர். மலை முகடுகளின் மேலேயே ஏறி இறங்கி ஓடும் கல் மதில், புறமதில்களையும் சேர்த்தால் 12 கிலோமீட்டருக்கு மேல். பிரதான மதிலை ஒட்டிய சுற்றுப்பாதை 7.7 கிலோமீட்டர். நிதானமாக நடந்தால் மூன்றரை மணி நேரம். நின்று பார்த்து, உட்கார்ந்து சாப்பிட்டு, படம் எடுத்துக்கொண்டு போனால் ஒரு முழுப் பகல். 2014இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

கோட்டை என்றதும் வெற்றிக் கதைகள்தான் நினைவுக்கு வரும். இது அப்படிப்பட்ட கோட்டை அல்ல. 1637ஆம் ஆண்டு முற்றுகையில் எதிரியால் இந்த மதிலை உடைத்துக்கொண்டு உள்ளே வர முடியவில்லை. ஆனால் உள்ளே இருந்த மன்னர் தாமே கதவைத் திறந்துகொண்டு வெளியே போய், எதிரியின் காலடியில் மண்டியிட்டார். கொரியப் பள்ளிக் குழந்தைகள் எல்லோருக்கும் தெரிந்த கதை இது. அதன் ஒவ்வொரு கட்டத்துக்கும் இந்த மதிலில் ஒரு வாசல் இருக்கிறது.

தெற்கு வாசலில் தொடங்கி கிழக்கு நோக்கிப் போனால் கதை அதன் வரிசையிலேயே வரும். ஜிஹ்வாமுன் எனப்படும் தெற்கு வாசல்தான் நான்கில் பெரியது. எதிரே நூற்றாண்டுகள் வயதான கெல்கோவா மரங்கள். இந்த வாசல் வழியாகத்தான் மன்னர் இன்ஜோ 1637 ஜனவரி 9ஆம் தேதி உள்ளே ஓடிவந்தார். ஓடிவந்தார் என்பது மிகையல்ல.

பின்னணி இதுதான். வடக்கே மஞ்சூரியாவில் மஞ்சுக்கள் ஒரு புதிய வல்லரசாக எழுந்துகொண்டிருந்தார்கள். சீனாவை ஆண்ட மிங் பேரரசு தள்ளாடிக்கொண்டிருந்தது. (ஆக்ராவில் ஷாஜஹான் தாஜ்மகாலைக் கட்டிக்கொண்டிருந்த அதே ஆண்டுகள்.) இரண்டுக்கும் நடுவே கொரியா. இன்ஜோவுக்கு முன் ஆண்டவர் இரு தரப்பையும் பகைக்காமல் காலம் தள்ளினார். 1623இல் அவரைக் கவிழ்த்துவிட்டு அரியணை ஏறியவர்தான் இன்ஜோ. மிங்குக்கு விசுவாசம் என்பது புதிய அரசின் கொள்கை. ஜப்பானியப் படையெடுப்பின்போது உதவிக்கு வந்தவர்கள் மிங் சீனர்கள்; அவர்களை விட்டுவிட்டு, காட்டுமிராண்டிகள் என்று தாங்கள் கருதிய மஞ்சுக்களை வணங்குவதாவது! 1627இல் மஞ்சுக்கள் ஒருமுறை வந்து அடித்துவிட்டுப் போனார்கள். 1636இல் அவர்களது தலைவர் ஹோங் தைஜி தம்மை சிங் வம்சப் பேரரசராக அறிவித்துக்கொண்டபோது, அந்த விழாவில் இருந்த கொரியத் தூதர்கள் தலைவணங்க மறுத்தார்கள். அந்தக் குளிர்காலத்திலேயே உறைந்துபோன யாலு நதியைக் கடந்து மஞ்சுப் படை வந்தது.

வந்த வேகம்தான் அதிர்ச்சி. வழியில் இருந்த கோட்டைகளைப் பிடிப்பதில் நேரத்தை வீணாக்காமல், குதிரைப்படையின் முன்னணி நேராகத் தலைநகரின் வாசலுக்கு வந்து நின்றது. மன்னர் குடும்பம் ஆபத்துக் காலத்தில் அடைக்கலம் புகுவதற்கென்று மேற்குக் கடலில் கங்ஹ்வா என்ற தீவு இருந்தது. அரச குடும்பப் பெண்களும் இளவரசர்களில் சிலரும் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பின்னால் கிளம்பிய மன்னருக்கு வழி அடைபட்டது. சோய் மியோங்கில் என்ற அமைச்சர் எதிரியின் முகாமுக்கே போய்ப் பேச்சுக் கொடுத்துத் தாமதப்படுத்த, அந்த இடைவெளியில் இன்ஜோ திசை மாறி இந்த மலைக்கு வந்தார். மறுநாள் விடியலில் மீண்டும் தீவுக்குப் புறப்பட முயன்றார். சரிவெல்லாம் பனிக்கட்டி, குதிரைக்குக் கால் நிற்கவில்லை. மன்னர் இறங்கி நடந்து பார்த்தார், முடியவில்லை, திரும்பிவிட்டார். இன்று அதே சரிவில் மரப்படிகள் போட்டுக் கயிறு கட்டியிருக்கிறார்கள். அப்படியும் ஜனவரியில் பூட்ஸுக்கு அடியில் இரும்புப் பற்களை மாட்டிக்கொள்ளாமல் யாரும் ஏறுவதில்லை.

தெற்கு வாசலுக்கு வெளியே அடுக்குமாடிக் கட்டடங்கள் அடர்ந்து தெரிவது சோங்னாம் நகரம். பெயருக்கே 'கோட்டைக்குத் தெற்கே' என்றுதான் அர்த்தம். சியோலின் குடிசைவாசிகளை லாரியில் ஏற்றிக்கொண்டுவந்து இறக்கி உருவாக்கிய ஊர் இது. குடிநீரும் வேலையும் இல்லாமல் கொண்டுவந்து கொட்டப்பட்ட அந்த மக்கள் 1971 ஆகஸ்டில் பெரும் கலவரத்தில் இறங்கினார்கள். சென்னையிலும் மும்பையிலும் குடிசைகள் அகற்றப்படுவதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. முந்தைய தலைமுறை ஆண்களுக்கு கோட்டையின் பெயரைக் கேட்டாலே சற்று உதறும்: 1980களின் நடுப்பகுதி வரை ராணுவச் சிறை இந்தப் பக்கம்தான் இருந்தது. 'நம்ஹான்சான்சோங் போகிறான்' என்றால் மலையேறப் போகிறான் என்று அர்த்தமில்லை.

தெற்கு வாசலிலிருந்து மதில் ஏறி இறங்கி கிழக்கு வாசல் நோக்கிச் சரிகிறது. மதிலைக் கவனித்து நடந்தால் அது ஒரே காலத்தில் கட்டப்பட்டதல்ல என்பது தெரியும். அடியில் கறுத்து, பாசி படிந்த பழைய கற்கள். மேலே அளவெடுத்து வெட்டிய கற்கள். அதற்கும் மேலே செங்கல்லும் சுண்ணாம்புமாக நெஞ்சுயரக் கைப்பிடிச் சுவர். சுவரில் இடைவெளி விட்டு இடைவெளி துப்பாக்கித் துளைகள். ஒவ்வொரு பகுதியிலும் மூன்று. ஓரத்தில் உள்ள இரண்டும் நேராகப் பார்க்கும், தொலைவில் வருபவனைச் சுட. நடுவில் உள்ளது செங்குத்தாகக் கீழே சாய்ந்திருக்கும், மதிலடிக்கே வந்துவிட்டவனைச் சுட. குழந்தைகளுடன் வரும் பெற்றோர்கள் எல்லோரும் தவறாமல் நிற்கும் இடம் இது.

முதலில் இங்கே ஒரு கோட்டை எழுந்தது கி.பி. 672இல். சில்லா அரசர்கள் சீனத்து டாங் படைகளை எதிர்க்கக் கட்டியது. அரண்மனைப் பகுதியைத் தோண்டியபோது அந்தக் காலத்துப் பெரும் கட்டடம் ஒன்றின் கூரை ஓடுகள் கிடைத்தன. ஒரு ஓடு ஏறத்தாழ 20 கிலோ. இப்போது நாம் பார்க்கும் மதிலின் உருவம் 1624 முதல் 1626 வரை இன்ஜோ காலத்தில் எடுத்துக் கட்டியது. கட்டியவர்களில் பெரும் பகுதியினர் புத்த பிக்குகள். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கன்ஃபூசியஸ் நெறியை அரச மதமாகக் கொண்ட ஜோசோன் வம்சம் பிக்குகளைத் தாழ்ந்தவர்களாக நடத்தியது. தலைநகருக்குள் அவர்கள் நுழையவே தடை. ஆனால் கல் சுமக்கவும் காவல் நிற்கவும் மட்டும் நாட்டின் எட்டு மாகாணங்களிலிருந்தும் அவர்கள் வரவழைக்கப்பட்டார்கள். பியோகாம் காக்சோங் என்ற பிக்கு அவர்களுக்குத் தலைவர். அவர்கள் தங்குவதற்காக மதிலுக்குள் கோயில்கள் எழுந்தன. அவை ஆயுதக் கிடங்குகளும்கூட. அதனாலேயே 1907இல் ஜப்பானியப் படை வந்து வெடி வைத்தபோது பெரும்பாலானவை போய்விட்டன. கிழக்கு வாசலுக்கு மேலே மூச்சு வாங்கும் ஏற்றத்தில் இருக்கும் ஜாங்க்யோங்சா கோயில்தான் அன்றைய தோற்றத்தைக் கொஞ்சமாவது காப்பாற்றி வைத்திருக்கிறது. நடப்பவர்கள் அங்கே தண்ணீர் பிடித்துக்கொள்கிறார்கள்.

கிழக்கு வாசலின் பெயரை இடது சிறகு என்றும் மேற்கு வாசலின் பெயரை வலது சிறகு என்றும் மொழிபெயர்க்கலாம். வரைபடத்தைக் கையில் வைத்திருப்பவர்கள் குழம்புவார்கள்; வடக்கு மேலே இருந்தால் கிழக்கு வலப்பக்கம் அல்லவா? ஆனால் இங்கே திசை மன்னருடையது. மன்னர் தெற்கு நோக்கி அமர்ந்திருப்பார். அவருக்குக் கிழக்கு இடதுதான்.

ஜாங்க்யோங்சாவைத் தாண்டியதும் மதிலில் குனிந்து நுழையும் அளவுக்கு ஒரு ரகசிய வாசல். இப்படி 16 திருட்டு வாசல்கள் மதில் நெடுகிலும் உண்டு. இரவில் தூதர்களும் தானிய மூட்டைகளும் போய்வர. அதில் வெளியே போனால் பால்போங் என்ற பாறைச் சிகரம். பிரதானச் சுற்றைவிட்டு விலகும் பாதை என்பதால் நேரமில்லாதவர்கள் தவிர்த்துவிடுகிறார்கள். தவிர்க்கக்கூடாத இடம் இதுதான். உயரம் 510 மீட்டருக்கு மேல். கோட்டைக்குள் இருக்கும் எந்த இடத்தையும்விட அதிகம். மேலே நின்றால் கோட்டையின் உள்ளங்கை முழுதும் தெரிகிறது: சாலை, கூரைகள், அரண்மனை முற்றம். மதிலைத் திட்டமிட்டவர்கள் இந்தச் சிகரத்தை வெளியே விட்டுவிட்டார்கள். மஞ்சுக்கள் விடவில்லை. இங்கும் அடுத்த முகட்டிலும் பீரங்கிகளை ஏற்றி உள்ளே சுட்டார்கள். குண்டுகள் அரண்மனைத் தூண் வரை வந்து விழுந்தன. மதிலின் சில பகுதிகள் சரிந்தபோது, மண் மூட்டைகளை அடுக்கி இரவோடு இரவாக அடைத்தார்கள். ஐம்பது வருடம் கழித்து, 1686இலும் 1693இலும், இந்தச் சிகரங்களைச் சுற்றிப் புறமதில்கள் கட்டப்பட்டன. அதற்குப் பிறகு எதிரி யாரும் வரவில்லை.

பனிக்கால மலையில் அகப்பட்டுக்கொண்ட அந்த நாட்களை இங்கே நடக்கும்போதுதான் கொஞ்சம் ஊகிக்க முடிகிறது. உள்ளே சுமார் 13,000 வீரர்கள். தானியம் ஏறக்குறைய ஐம்பது நாட்களுக்கு. வெளியே முற்றுகையிட்ட படை ஒரு லட்சத்துக்கும் மேல் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. இன்றைய ஆய்வாளர்கள் அதை வெகுவாகக் குறைக்கிறார்கள். எப்படியானாலும் உள்ளே இருப்பவர்கள் பட்டினியால் கரைவதற்குக் காத்திருக்க அந்தப் படை போதும். மதில் மேல் காவல் நின்றவர்களுக்குக் குளிர்தான் முதல் எதிரி. கைகால் உறைந்து செத்தவர்கள் பலர். மாகாணங்களிலிருந்து உதவிக்குக் கிளம்பிய படைகள் வழியிலேயே சிதறடிக்கப்பட்டன.

இந்த நிலையில் ஒரு வெற்றியாவது காட்டவேண்டும் என்று மூத்த அமைச்சர் ஒருவருக்குத் தோன்றியதன் விளைவை வடக்கு வாசல் சொல்கிறது. கீழே பள்ளத்தாக்கில் எதிரி கொஞ்சம் கால்நடைகளை விட்டுவைத்திருந்தான். அது பொறி என்று படைத் தளபதிகள் சந்தேகித்தார்கள். அமைச்சரின் உத்தரவு வேறாக இருந்தது. வடக்கு வாசல் வழியாக இறங்கிய சுமார் 300 பேர் அநேகமாகத் திரும்பவில்லை. முற்றுகைக் காலத்தின் பெரிய மோதலும் பெரிய தோல்வியும் இதுவே. 1779இல் கோட்டையைப் பழுதுபார்த்த மன்னர் ஜோங்ஜோவின் காலத்தில் இந்த வாசலுக்குச் சூட்டிய பெயர் 'ஜோன்சுங்முன்'. அப்படியென்றால் முழு வெற்றி வாசல். கேலியாக வைத்த பெயரல்ல. அந்தத் தோல்வியை மறக்கக்கூடாது, இனி இந்த வாசல் வழியாகப் போகிறவர்கள் வென்றுதான் திரும்பவேண்டும் என்பது விளக்கம்.

வாசலுக்குச் சற்று உள்ளே இறங்கினால் ஹ்யோன்ஜோல்சா என்ற சிறு நினைவாலயம். சமாதானம் கூடாது என்று கடைசி வரை வாதிட்டதற்காக மஞ்சுக்களிடம் ஒப்படைக்கப்பட்டு, ஷென்யாங் நகரில் கொல்லப்பட்ட மூன்று அறிஞர்களுக்கு 1688இல் கட்டியது. பூட்டிய கதவின் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்துவிட்டு நகர்கிறார்கள்.

பாதையோரப் பெஞ்சுகளில் இதைப் பற்றிய சர்ச்சை இன்னும் ஓயவில்லை என்பதுதான் இந்தக் கோட்டையின் சுவாரசியம். கிம் ஹூன் என்ற எழுத்தாளர் 2007இல் எழுதிய நாவல் அமோகமாக விற்றது. அதை 2017இல் படமாக்கியவர் ஹ்வாங் டோங்ஹ்யுக். பின்னாளில் 'ஸ்க்விட் கேம்' தொடர் மூலம் உலகப் புகழ் பெற்றவர். நாவல், படம் இரண்டுக்கும் மையம் இரண்டு அமைச்சர்கள். ஒருவர், எதிரியிடம் பேச்சுக் கொடுத்து மன்னரைத் தப்பவைத்த சோய் மியோங்கில். உயிரோடு இருந்தால்தான் நாடு. பணிந்துவிடலாம் என்பது அவர் வாதம். மற்றவர் கிம் சாங்ஹோன். மானத்தை இழந்தபின் நாடு எதற்கு என்பது அவருடையது. சோய் சரணாகதிக் கடிதம் எழுதினார். கிம் அதை வாங்கிக் கிழித்துப் போட்டு அழுதார். சோய் கீழே குனிந்து துண்டுகளைப் பொறுக்கி ஒட்டினார். கிழிக்க ஓர் ஆளும் வேண்டும், ஒட்ட ஓர் ஆளும் வேண்டும் என்ற பொருளில் அவர் சொன்னதாக ஒரு வழக்கு உண்டு.

நாவலும் படமும் அதிகம் தொடாத பின்கதை இதைவிட அழகு. சரணாகதிக்குப் பின் கிம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று காப்பாற்றப்பட்டார். சில ஆண்டுகளில் மஞ்சுக்கள் அவரைப் பிடித்து ஷென்யாங் சிறையில் அடைத்தார்கள். மஞ்சுக்களுக்குப் பணியச் சொன்ன சோய்? அவரும் மிங்குடன் ரகசியத் தொடர்பு வைத்திருந்தார் என்று பிடிபட்டு அதே சிறைக்கு வந்து சேர்ந்தார். அங்கே இருவரும் கவிதைகளைப் பரிமாறிக்கொண்டு, ஒருவரையொருவர் புரிந்துகொண்டார்கள் என்கிறது வரலாறு. இருவரும் 1645இல் ஊர் திரும்பினார்கள்.

வடக்கு வாசலிலிருந்து மேற்கு வாசல் வரை ஒரு கிலோமீட்டர் சொச்சம். வழி நெடுக சிவந்த பட்டைகொண்ட பைன் மரங்கள். சியோல் வட்டாரத்தில் இவ்வளவு அடர்த்தியாகப் பழைய பைன் காடு வேறெங்கும் அபூர்வம். ஜப்பானியர் ஆட்சியில் மரங்கள் வெட்டுப்பட்டு மலை மொட்டையாகிக்கொண்டிருந்தபோது, கோட்டைக்குள் வாழ்ந்த கிராமத்தார் 1920களில் சங்கம் அமைத்து, முறை வைத்துக் காவல் இருந்து காப்பாற்றிய காடு இது. 1917 வரை மாவட்டத் தலைமையகமே கோட்டைக்குள்தான் இருந்தது. அலுவலகங்கள் கீழே போனதும் ஊர் வெறிச்சோடியது. எஞ்சியவர்களின் பேரன் பேத்திகள்தான் இப்போது கோட்டை மையத்தில் ஓட்டல் நடத்துகிறார்கள்.

மேற்கு வாசல் சின்னது. குதிரையில் ஏறியபடி போக முடியாது போல அவ்வளவு குறுகல். வெளியே செங்குத்தான சரிவு. வாசலுக்குப் பக்கத்து மேடையில் நின்றால் சியோலின் தென்பகுதி மொத்தமும் விரிகிறது. நடுவே ஊசி போல 123 மாடிகள், 555 மீட்டர் உயர லாட்டே கோபுரம். அந்தி நேரத்தில் முக்காலிகளுடன் புகைப்படக்காரர்கள் இடம்பிடிக்கப் போட்டியிடுகிறார்கள். இந்த ஊரின் சிறந்த இரவுக் காட்சி இங்கிருந்துதான் என்கிறார்கள். அவர்கள் கேமராவைத் திருப்பிவைக்கும் திசையில்தான் இன்ஜோவும் நடந்து போனார்.

கங்ஹ்வா தீவு விழுந்துவிட்டது, அரச குடும்பப் பெண்களும் இளவரசர்களும் எதிரி கையில் என்ற செய்தி வந்ததும் கோட்டைக்குள் வாதங்கள் ஓய்ந்தன. 1637 பிப்ரவரி 24ஆம் தேதி, 47ஆம் நாள், மன்னர் புறப்பட்டார். குற்றவாளிக்குப் பிரதான வாசல் கிடையாது என்று மஞ்சுத் தூதர் சொல்லிவிட்டதால் தெற்கு வாசல் இல்லை, இந்த மேற்கு வாசல். அரச உடை இல்லை, நீலச் சாயம் தோய்த்த சாதாரண அங்கி. சரிவில் இறங்கி ஹான் நதிக்கரையில் சம்ஜோந்தோ என்ற படகுத்துறைக்குப் போனார். அங்கே ஒன்பது அடுக்கு மேடை மேல் ஹோங் தைஜி அமர்ந்திருந்தார். இன்ஜோ மூன்று முறை மண்டியிட்டார். ஒவ்வொரு முறையும் மூன்று தடவை தலையைத் தரையில் வைத்து வணங்கினார். நெற்றி பிளந்து ரத்தம் ஓடியது என்று தொலைக்காட்சித் தொடர்களில் காட்டுவார்கள். அரசவைக் குறிப்புகளில் அப்படி ஒன்றும் இல்லை. அந்த ஒன்பது வணக்கத்துக்கு ரத்தம் வேறு தேவையா என்ன?

மன்னருக்கு உயிரும் அரியணையும் மிஞ்சின. விலையை வேறு யார் யாரோ கொடுத்தார்கள். அன்று மாலை நதியைக் கடந்து தலைநகர் திரும்பிய மன்னரைப் பார்த்து, சிறைபிடிக்கப்பட்ட ஆயிரக்கணக்கான ஜனங்கள் வழியோரம் நின்று கதறியதாக அரசவைக் குறிப்பே சொல்கிறது. அவர்களை ஷென்யாங்குக்கு ஓட்டிச் சென்றார்கள். அங்கே சந்தையில் விலைபேசப்பட்டார்கள். பணமிருந்த குடும்பங்கள் போய் மீட்டு வந்தன. மீண்டு வந்த பெண்களுக்கு வீட்டில் இடம் இல்லை. கற்பிழந்தவர்கள், மூதாதையர் சடங்குகளுக்கு ஆகாதவர்கள் என்று சொல்லி விவாகரத்து கேட்டு மேல்குடிக் கணவர்களின் குடும்பங்கள் மன்னரிடம் மனுப் போட்டன. அதை எதிர்த்து, அனுமதிக்கவே கூடாது என்று வாதாடியவர் அதே சோய் மியோங்கில். மன்னர் அவர் பக்கம் நின்றார். ஆனாலும் பல குடும்பங்கள் அந்தப் பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. சரணாகதிக் கடிதம் எழுதியவரைத் துரோகி என்று சொல்லிவந்தவர்கள் கொரியாவில் நெடுங்காலம் இருந்தார்கள். அவரை மறுபரிசீலனை செய்பவர்களின் எண்ணிக்கை இப்போது கூடியிருக்கிறது என்றால் இதுவும் ஒரு காரணம்.

மேற்கு வாசலிலிருந்து கடைசி ஏற்றம். 'இன்னும் கொஞ்ச தூரம்தான்' என்று எதிரே வருபவர்கள் எல்லோரும் சொல்வார்கள். கொரிய மலைகளில் இது ஒரு மரியாதைப் பொய். அரை மணியில் சுவோஜாங்தே வந்துவிடுகிறது. தளபதி நின்று கட்டளையிட்ட மண்டபம். ஐந்தில் எஞ்சியது இது ஒன்றுதான். 1751இல் மேல்மாடி சேர்த்து அதற்குப் பெயர் வைத்தார்கள்: 'மறவாமை மாடம்'. மறக்கக் கூடாதது இன்ஜோவின் அவமானத்தை மட்டுமல்ல. பணயமாக மஞ்சுக்களிடம் போன இரு மகன்களில் மூத்தவர் எட்டு வருடம் கழித்துத் திரும்பிய சில மாதங்களிலேயே இறந்தார். இளையவர் ஹ்யோஜோங் என்ற பெயரில் மன்னராகி, வாழ்நாள் முழுதும் பழிவாங்கும் படையெடுப்புக்குத் தயார் செய்து, புறப்படாமலே 1659இல் கண்மூடினார்.

மண்டபத்தின் பக்கத்தில் ஒரு பாறையும் ஒரு சிறு கோயிலும் உண்டு. மதிலின் தென்பகுதியைக் கட்டும் பொறுப்பு யி ஹ்வே என்பவருக்கு என்று கதை. வேலை தாமதமானது, பணம் தீர்ந்தது. வடபகுதியைக் கட்டிய பிக்குவோ சீக்கிரம் முடித்து மிச்சப் பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். பிறகென்ன, யி ஹ்வே பணத்தைத் தின்றுவிட்டார் என்று தலையை வெட்டினார்கள். வெட்டிய இடத்திலிருந்து ஒரு வல்லூறு பறந்து வந்து பாறையில் உட்கார்ந்து பார்த்ததாம். பிறகு சோதித்தால் அவர் கட்டிய பகுதிதான் உறுதி. அவருக்காகப் பணம் திரட்டிக்கொண்டு திரும்பிய மனைவி செய்தி கேட்டு ஹான் நதியில் விழுந்தார். அந்தக் குடும்பத்துக்குத்தான் கோயில். காண்டிராக்டரைக் கும்பிடும் ஊர் உலகில் வேறு இருக்குமா தெரியாது.

இங்கிருந்து தெற்கு வாசலுக்குப் பைன் நிழலில் இறக்கம்தான். கோட்டை மையத்தில் 2012இல் முழுமையாகப் புதுப்பித்துத் திறந்த அரண்மனையைப் பார்க்க ஒரு மணி நேரம் போதும். அதைவிட அதிக நேரம் ஓட்டல்களில் கழிகிறது. பூண்டும் பேரீச்சை போன்ற இலந்தையும் போட்டு வேகவைத்த முழுக் கோழி, சுடச்சுட சோயாக்கட்டி, அரிசியைப் புளிக்கவைத்த வெண்ணிற மக்கொல்லி (கள்ளுக்குத் தூரத்து உறவு). சைவர்களுக்கு ஓக் மரக் கொட்டை மாவில் கிண்டிய களி கைகொடுக்கும். மற்றவற்றில் மீன் சாறு உண்டா என்று கேட்டுக்கொள்வது நல்லது. இந்த ஊரின் பழம்பெருமை 'ஹ்யோஜோங்கேங்' என்ற சூப். விலா எலும்பு, காளான், முட்டைக்கோஸ் குருத்து எல்லாம் போட்டுப் பகல் முழுக்கக் கொதிக்கவைத்து, ஜாடியைப் பஞ்சு மெத்தையில் சுற்றி இரவில் தலைநகருக்கு அனுப்புவார்கள். விடியல் மணி அடிக்கும்போது, முந்தின இரவு அதிகம் குடித்த சீமான்களின் வாசலில் சூடு ஆறாமல் போய் இறங்குமாம். கொரியாவின் முதல் 'ஹோம் டெலிவரி' என்று பெருமையடிக்கிறார்கள்.

பஸ் பிடித்துக் கீழே வந்து அதே 8ஆம் எண் ரயிலில் ஏறினால், ஜாம்சில் பகுதியில் இறங்கி மீதிக் கதையையும் பார்த்துவிடலாம். மேற்கு வாசலில் இருந்து பார்த்த லாட்டே கோபுரத்தின் அடிவாரம் அது. படகுத்துறை இருந்த நதிக்கிளையை 1970களில் மண் போட்டு மூடிவிட்டார்கள். மிஞ்சிய நீர்தான் சோக்சோன் ஏரி. கரையில் ஜனங்கள் மெல்லோட்டம் ஓடுகிறார்கள், தீம் பார்க்கிலிருந்து குழந்தைகளின் கூச்சல் கேட்கிறது. பாதையோரம் கூரைக்குக் கீழே, ஆமையின் முதுகில் நிற்கிறது சுமார் நான்கு மீட்டர் உயரக் கல்வெட்டு.

சிங் பேரரசரின் கருணையைப் போற்றி, மஞ்சு, மங்கோல், சீனம் ஆகிய மூன்று மொழிகளில் கொரியர்களே 1639இல் நிறுவ நேர்ந்த கல். வாசகத்தை எழுத அறிஞர்கள் பயந்து ஒதுங்கினார்கள். ஒருவர் வேண்டுமென்றே மோசமாக எழுதிக் கொடுத்துத் தப்பித்தார். மன்னர் கெஞ்சியதால் எழுதிய யி க்யோங்சோக், எழுத்துக் கற்றுக்கொண்டதற்காகவே வருந்தினாராம். சீனாவின் பிடி 1895இல் விலகியதும் கல்லைச் சாய்த்தார்கள். ஜப்பானியர்கள் மீண்டும் நிறுத்தினார்கள். விடுதலைக்குப் பின் 1950களில் மண்ணுக்குள் புதைத்தார்கள். 1963இல் வந்த வெள்ளம் அதை வெளியே கொண்டுவந்தது. 2007இல் ஒருவர் சிவப்புப் பெயிண்ட் அடித்தார். அரசு அதைச் சுத்தம் செய்து, 2010இல் பழைய இடத்துக்கு அருகே என்று இந்த ஏரிக்கரைக்கு மாற்றியது.

பக்கத்தில் இன்னொரு கல் ஆமை இருக்கிறது. கொஞ்சம் சிறியது, முதுகில் எதுவும் இல்லை. முதலில் செய்தது அதைத்தானாம். கல்வெட்டு இன்னும் பெரிதாக வேண்டும் என்று சிங் தரப்பில் கேட்டதால் ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டார்கள்.